கேப் குளிர்காலத்தில் கனோலா: முதல்முறை விதைப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் குளிர்காலம் முடியும் ஆகஸ்டில், கேப் டவுனிலிருந்து என்-2 சாலையில் கேலிடன் பக்கம் போனால், இருபுறமும் மஞ்சள் போர்த்திக் கிடக்கும். டர்பனிலிருந்து வரும் உறவினர்கள் "இவ்வளவு கடுகா?" என்று கேட்பார்கள். கடுகுக்கு நெருங்கிய சொந்தம்தான், பெயர் கனோலா. விதையை எண்ணெய்க்கு விற்கலாம். ஆனால் நான் இதை விதைப்பது அடுத்த ஆண்டுக் கோதுமைக்காக.

முதலில் விதை. ஐரோப்பாவின் குளிர்கால ரகத்தை வாங்கிவிடாதீர்கள். அது பல வாரங்கள் கடுங்குளிரில் கிடந்தால்தான் பூக்கும். கேப் குளிர் அதற்குப் போதாது. நாம் குளிர்காலத்தில் விதைப்பது வசந்தகால ரகத்தை.

ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ, முதல் மழை மண்ணை நனைத்ததும் விதையுங்கள். டர்பன் பக்கம் குளிர்காலம் வறண்டது. அங்கே பாசனம் இல்லாமல் இறங்க வேண்டாம். ஹெக்டேருக்கு 2 முதல் 4 கிலோ விதை போதும். கையால் தூவுபவர்கள், எள்ளுக்குச் செய்வதுபோல் மணல் கலந்துகொள்ளுங்கள். ஆழம் 1 முதல் 2 சென்டிமீட்டர். அதற்குமேல் போனால் முளை திணறும்.

முதல் மூன்று வாரங்கள் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். இதய வடிவில் இரண்டு வித்திலைகள் விரிந்ததும் நத்தைகள் வந்துவிடும். இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். விட்டால் காலையில் மொட்டைத் தண்டுதான் நிற்கும்.

தழைச்சத்தோடு கந்தகமும் கொடுங்கள். இளம் இலை வெளிறிக் கிண்ணம்போல் குவிந்தால் அது கந்தகப் பசி. பூத்தபின் பூச்சிமருந்து வேண்டாம். வயல் முழுக்கத் தேனீக்கள் இருக்கும்.

அறுவடையில்தான் நான் ஏமாந்தேன். காய்கள் நன்றாகக் காயட்டும் என்று காத்திருந்தேன். ஒரே இரவுத் தென்கிழக்குக் காற்றில் வெடித்து, விதையெல்லாம் தரையில் கொட்டிவிட்டது. நடுத்தண்டுக் காய்களை உரித்துப் பாருங்கள். பாதி விதைகள் பச்சை மாறிப் பழுப்பேறியிருந்தால் அறுத்து வரிசையாகப் போட்டு உலர்த்துங்கள்.

அதே நிலத்தில் மூன்று ஆண்டுகளுக்குக் கனோலா வேண்டாம். கோதுமையின் வேரழுகல் பூசணத்துக்குக் கனோலா வேர் இரையாகாது. ஓராண்டு பட்டினி கிடந்து அது மெலிகிறது. அடுத்த பருவத்தில் கோதுமையைப் பிடுங்கிப் பார்த்தேன். கோதுமைக்குப் பின் கோதுமை போட்ட பாத்தியில் வேர் கறுத்திருந்தது. கனோலா அறுத்த நிலத்தில் விதைத்ததில் வெள்ளை வேர், மட்கிய கனோலா ஆணிவேர் விட்டுப்போன துளை வழியே ஆழத்துக்கு இறங்கியிருந்தது.