நழுவிய பிருடையும் ஒரு சாக்குக்கட்டியும்

சென்ற ஆண்டு கத்திரி வெயிலில், சத்துவாச்சாரியிலுள்ள எங்கள் வீட்டு மாடியறையில் நான் சரளிவரிசை என்ற ஆரம்பப் பயிற்சியைத் தொடங்கி இரண்டாம் வரிசையை எட்டுவதற்குள், வயலினின் மத்திய சட்ஜத் தந்தி தளர்ந்துவிடும். தந்திதான் கெட்டுவிட்டது என்றெண்ணிப் புதிதாக மாற்றினேன். பணம் வீணானதுதான் மிச்சம்.

காட்பாடியில் எனக்குக் கற்பிக்கும் ஆசிரியர் தந்தியைப் பார்க்கவே இல்லை. தந்தியைச் சுற்றி முறுக்கும் மர முளையான பிருடையை உருவி, அதில் இரண்டு இடங்களில் வளையமாகப் பளபளத்த தேய்மானத்தைக் காட்டினார். பிருடை, 30 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. வீதம் நுனியை நோக்கிச் சிறுக்கும்படி கடையப்படுவது. வறண்ட வெப்பத்தில் மரம் சுருங்கும்போது அதன் பிடி தளர்ந்துவிடுகிறது. வில்லுக்குப் பூசும் பிசினான ரோசினைத் தடவலாமா என்று கேட்டதற்கு முறைத்தார். அந்த வளையங்களில் மட்டும் வெள்ளைச் சாக்குக்கட்டியை லேசாகத் தேய்த்து, "தம்பி, வெறுமனே திருகாதே; உள்ளே அழுத்திக்கொண்டே திருப்பு" என்றார். தந்தியின் கடைசிச் சுற்றுகள் பிருடைப்பெட்டியின் சுவரை ஒட்டி அமையுமாறு அவரே சுற்றியும் கொடுத்தார்.

அன்று முதல் வயலினை மாடியறையில் வைப்பதில்லை. ஐப்பசி மழையில் அதே பிருடை இறுகிக்கொண்டபோது, சாக்குத்தூளைத் துணியால் துடைத்துவிட்டுப் பென்சில் கரியைத் தடவினேன், எளிதாகத் திரும்பியது.