டிசைன் ஸ்டுடியோவில் இன்டர்ன்ஷிப்பா? முதல் நாளுக்கு முன்னே இதைப் படித்துவிடுங்கள்

கிராஃபிக் டிசைன் ஸ்டுடியோவில் இன்டர்ன்ஷிப் கிடைத்ததும், நம் திறமையைக் காட்டிவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் வகுப்பில் சொல்லித்தர முடியாத ஒன்று அங்கே இருக்கிறது: ஒரு வேலை கிளையன்ட் வாயிலிருந்து கிளம்பி, நாலு பேர் கைமாறி, திருத்தத்துக்கு மேல் திருத்தம் வாங்கி, கடைசியில் பிரஸ்ஸுக்கோ வெப்சைட்டுக்கோ போய்ச் சேருகிற வழி. அதை முழுசாகப் பார்த்துவிட வேண்டும். லோகோவை வீட்டில் உட்கார்ந்தும் வரையலாம்.

சேருவதற்கு முன்பே சிலவற்றைக் கேட்டுத் தெளிவாகிவிடுங்கள். எந்த சாஃப்ட்வேர், சொந்த லேப்டாப் கொண்டுவர வேண்டுமா, எத்தனை மணி நேரம், உதவித்தொகை உண்டா, செய்த வேலையை போர்ட்ஃபோலியோவில் போடலாமா. பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. எல்லாவற்றையும் மெயிலில் கேட்டால் பதிலும் எழுத்தில் இருக்கும்.

ஆரம்பத்தில் சின்ன வேலைகள்தான் வரும். படத்தின் பின்னணியை நீக்குவது, ஒரே விளம்பரத்தைப் பல அளவுகளில் மாற்றுவது, விலையையும் தேதியையும் திருத்துவது. இதற்கா வந்தோம் என்று சோர்ந்துவிடாதீர்கள். சதுரமான ஒரு போஸ்ட்டை ஒல்லியான பேனராக மாற்றும்போது எல்லாமே உள்ளே அடங்காது, எதை வைப்பது, எதை விடுவது, எதைப் பெரிசாக்குவது என்று நீங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும், டிசைன் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து, ஃபைல் ஒழுங்கு. நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். நீங்கள் வராத நாளில் இன்னொருவர் உங்கள் ஃபைலைத் திறக்க வேண்டி வரும். அப்போது லேயர்களுக்குப் பெயர் இல்லாமல், ஃபைலுக்குள் சேராமல் லிங்க் மட்டும் செய்த படங்கள் உங்கள் டெஸ்க்டாப்பிலேயே தங்கி, ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’, ‘கடைசி ஃபைனல்’ என்று மூன்று ஃபைல்கள் கிடந்தால் அவர் எதை எடுப்பார்? ஸ்டுடியோவில் பெயர் வைக்க ஒரு முறை இருக்கும், அதைக் கேட்டு அப்படியே பின்பற்றுங்கள். இல்லையென்றால் கிளையன்ட் பெயர், வேலை, தேதி, வெர்ஷன் எண் என்ற வரிசை போதும். பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரான இன்டிசைனில் வேலை செய்தால் கொடுக்கும் முன் ‘பேக்கேஜ்’ செய்துவிடுங்கள், பயன்படுத்திய படங்களும் பெரும்பாலான ஃபான்ட்களும் ஒரே ஃபோல்டரில் சேர்ந்துவிடும்.

அச்சுக்குப் போகிற வேலையில் தப்பு நடந்தால் திரும்பப் பெற முடியாது, அதனால் இங்கே நிதானம் வேண்டும். ஏ4 என்றால் 210 × 297 மி.மீ. நாலு பக்கமும் வழக்கமான 3 மி.மீ. பிளீட் (வெட்டுகிற கோட்டைத் தாண்டி நீளும் கூடுதல் ஓரம்) விட்டால் ஆர்ட்வொர்க் 216 × 303 ஆகும். கத்தி சற்று நகர்ந்து வெட்டினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. எழுத்துகளையும் லோகோவையும் வெட்டுகிற கோட்டுக்கு ஒட்டாமல் உள்ளே தள்ளி வையுங்கள். படங்களுக்கு, அச்சாகிற அளவில் இன்ச்சுக்கு 300 பிக்சல் என்பது பொதுவான கணக்கு. 1200 பிக்சல் அகலப் படம் 4 இன்ச்சுக்குத்தான் சரியாக வரும், அதைப் பக்கம் முழுக்க இழுத்தால் மங்கிவிடும். திரையின் வண்ண முறையான ஆர்ஜிபியில் பளிச்சென்று மின்னுகிற பச்சையும் நீலமும் அச்சின் நாலு மை முறையான சிஎம்ஒய்கேவில் மங்கலாகும், இதை கிளையன்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சின்ன எழுத்துகளுக்குக் கறுப்பு மை மட்டும் போதும். நாலு மையும் கலந்த கறுப்பில், ஒவ்வொரு மைக்கும் உள்ள அச்சு பிளேட் கொஞ்சம் விலகினாலே எழுத்தைச் சுற்றி வண்ணம் கசியும். அப்புறம், போன் நம்பர், முகவரி, பெயர்களின் எழுத்துக்கூட்டல், இவற்றை கிளையன்ட் அனுப்பிய மூலத்தோடு வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அழகான பிரோஷரில் தப்பான நம்பர் இருந்தால் அது வீண்.

பிரீஃப், அதாவது என்ன வேலை, எதற்கு என்ற விவரம், வாங்கியதும் புரிந்ததை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சீனியர் “சரியா வரல” என்று மட்டும் சொன்னால் முகம் வாடாமல், எது உறுத்துகிறது, படிக்கும் வரிசையா, வண்ணமா, எழுத்தா என்று கேளுங்கள். முழுசாக முடித்துக் காட்டுவதைவிட பென்சில் வரைவு இரண்டு மூன்றோடு சீக்கிரமே போவது நல்லது, நேரம் போட்டு மெருகேற்றியதை மாற்றச் சொன்னால் உங்களுக்கே மனசு வராது. எங்காவது சிக்கிக்கொண்டால் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு, என்னென்ன முயன்றீர்கள் என்பதோடு போய்க் கேளுங்கள். வேலையாக இருப்பவரை நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடாமல், கேள்விகளைச் சேர்த்து வைத்துக் கேட்பது இன்னும் நல்லது.

கிளையன்ட் மீட்டிங்கில் உட்கார இடம் கிடைத்தால் விடாதீர்கள். அங்கே குறிப்பு எடுங்கள். டிசைனர் தன் முடிவுக்கு எப்படிக் காரணம் சொல்கிறார், எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறார் என்று கவனியுங்கள். வெளியாகாத வேலையை இன்ஸ்டாகிராமில் போடவே கூடாது, திரையின் ஓரம் தெரிகிற செல்ஃபி கூட வேண்டாம். கூகுளில் கிடைத்த படத்தை உரிமம் பார்க்காமல் வைப்பதும், ஸ்டுடியோ காசு கொடுத்து வாங்கிய ஃபான்ட்டை பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுபோவதும் அப்படித்தான்.

முடியப்போகிற வாரத்தில், எந்தெந்த வேலைகளைப் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம் என்று மறுபடி கேட்டு அனுமதி வாங்குங்கள். ஒவ்வொன்றின் கீழேயும் உங்கள் பங்கை உள்ளபடி எழுதுங்கள்: ‘லேஅவுட் மட்டும்’, ‘ஐகான்கள் மட்டும்’. இன்டர்வியூவில் துருவிக் கேட்டாலும் தடுமாற வேண்டியிருக்காது. உங்கள் போர்ட்ஃபோலியோவை ஒரு சீனியரிடம் காட்டி, இதில் எதை எடுத்துவிடலாம் என்று கேளுங்கள். பாதியில் நிற்கும் வேலைகளுக்கு எது எந்த ஃபோல்டரில் இருக்கிறது, யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி, அடுத்து அதைப் பார்க்கப்போகிறவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.