பழைய காரில் கண்ணாடி மங்கிக்கொண்டே இருக்கிறதா? பலரும் செய்யும் தவறுகள்

மழை பெய்கிறது, காரில் நான்கு பேர். கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, முன் கண்ணாடி ஓரத்திலிருந்து வெள்ளையாக மூடிக்கொண்டு வருகிறது. ஓட்டுபவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறு கையால் கண்ணாடியைத் துடைக்கிறார். அந்த நேரத்துக்குப் பாதை தெரியும். ஆனால் உள்ளங்கையின் எண்ணெய்ப் பசை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இரவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் அந்தப் பசையில் பட்டுச் சிதறி, மங்கலைவிட மோசமாகக் கண்ணைக் கூசவைக்கும். அவசரத்துக்குத் துடைக்க ஒரு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியைக் காரிலேயே வைத்திருங்கள். ஓடும்போது துடைக்காமல், ஓரமாக நிறுத்திவிட்டுத் துடையுங்கள்.

கண்ணாடியோடு சண்டை போடுவதில் பயனில்லை என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வருவது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 23 கிராம் நீராவியைத் தாங்கும். அதே காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 9 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். மீதி நீர் எங்கே போகும்? காருக்குள் எது அதிகம் குளிர்ந்திருக்கிறதோ அதன்மேல், அதாவது கண்ணாடிமேல் உட்காரும். நம் மூச்சிலிருந்தும் ஈர உடைகளிலிருந்தும் நீராவி வந்துகொண்டே இருக்கும், அது இயல்பு. நல்ல நிலையில் உள்ள கார் அதைச் சில நிமிடங்களில் வெளியேற்றிவிடும். ஆள் ஏறாமல் இரண்டு நாள் பூட்டிக் கிடந்த காரின் கண்ணாடி உட்புறம் மங்கியிருந்தால் விஷயமே வேறு. வண்டிக்குள் எங்கோ தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அதைத் தேடுவதற்கு முன், மங்கல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். வைப்பரை ஒருமுறை ஓட்டுங்கள். மங்கல் போய்விட்டால் அது வெளிப்பக்கம். புழுக்கமான நாளில் ஏசி காற்று கண்ணாடியை உள்ளிருந்து குளிரவைக்கும்போது இப்படி நடக்கும். இது தெரியாமல் ஏசியை இன்னும் கூட்டுபவர்கள் உண்டு. கூட்டக் கூட்ட மங்கல் அதிகமாகும். குளிர்ச்சியைக் குறைத்து, காற்றைக் கண்ணாடிப் பக்கமிருந்து திருப்பிவிட்டால் போதும்.

உள்பக்கம் மங்கினால் முதலில் பார்க்க வேண்டியது ரீசர்குலேஷன் பட்டன். காற்று உள்ளேயே சுற்றும்படி அது இருந்தால், நாம் விட்ட மூச்சுக் காற்றே திரும்பத் திரும்ப வரும். தூசிக்காகவோ புகைக்காகவோ ஒருநாள் அழுத்தியிருப்போம், அப்புறம் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெளிக்காற்று வரும்படி மாற்றுங்கள். பழைய காரில் பட்டன் மாறினாலும் உள்ளே இருக்கும் தடுப்பு மாறாமல் சிக்கிக்கொண்டிருக்கலாம். ப்ளோயரை, அதாவது காற்றை ஊதும் விசிறியை, முழு வேகத்தில் வைத்து பட்டனை மாற்றி மாற்றிப் பாருங்கள். சுற்றும் நிலையில் ப்ளோயர் சத்தம் தெளிவாகக் கூடும். எந்த வித்தியாசமும் கேட்கவில்லையென்றால் அந்தத் தடுப்பை நகர்த்தும் கேபிளையோ மோட்டாரையோ பார்க்க வேண்டும். காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்திருந்தாலும் காற்று பலவீனமாகத்தான் வரும். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஏசி குளிர்ச்சிக்கு மட்டும்தான் என்று நினைத்து, மழையிலும் குளிரிலும் அதைத் தொடாமல் இருப்பது இன்னொரு தவறு. ஏசியின் குளிர்ந்த காயிலில் பட்டதும் காற்றில் உள்ள ஈரம் நீராகி, வண்டிக்கு அடியில் சொட்டிவிடும். அந்த உலர்ந்த காற்றை ஹீட்டர் சூடாக்கிக் கண்ணாடிமேல் விட வேண்டும். ஆக ஏசி, சூடு, வெளிக்காற்று மூன்றும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். உறைநிலைக்கு அருகில் பல கார்களில் ஏசியை இயக்கும் கம்ப்ரஸர் தானாக நின்றுவிடும். அப்போது வெளிக்காற்றிலேயே ஈரம் குறைவு என்பதால் சூடு மட்டும் போதும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஏசியை மட்டும் அணைத்துவிட்டு ப்ளோயரை விட்டுவைக்காதீர்கள். நனைந்த காயிலில் உள்ள நீரெல்லாம் ஆவியாகி வந்து, ஒரே நொடியில் கண்ணாடியை மூடிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மங்குகிறதா? அப்படியென்றால் கார்பெட்டைப் பாருங்கள். மேலே தொட்டுப் பார்த்துவிட்டு உலர்ந்திருக்கிறது என்று முடிவு செய்வதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் பேர் செய்யும் தவறு. நானும் அப்படித்தான் முடிவு செய்தேன். ஒரு மெக்கானிக் கதவு ரப்பரை மாற்றச் சொன்னார், மாற்றினேன். மங்கல் நிற்கவில்லை. ஒருநாள் முன் பயணி பக்கம் கால் வைக்கும் மேட்டை எடுத்து, கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் இருந்த தடித்த ஸ்பாஞ்சைக் கையால் அழுத்தினேன். விரல்களுக்கு இடையில் தண்ணீர் சளசளவென்று பிதுங்கி வந்தது. மேலே துணி உலர்ந்திருக்க, அடியில் லிட்டர் கணக்கில் நீர். அதற்கு வாசனையும் இல்லை, பிசுபிசுப்பும் இல்லை. மழையே இல்லாத வாரம் அது.

அந்த இரண்டு விவரங்களே வழி காட்டின. ஏசியை ஓட விட்டு, இருபது நிமிடம் கழித்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. சொட்ட வேண்டிய தண்ணீர் சொட்டவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, ஏசி வடிகால் குழாயின் முனையில் மென்மையான பிளாஸ்டிக் குழாயை மெதுவாக நுழைத்ததும் சேறும் நீருமாகக் கொட்டியது. இதற்குக் கம்பியைப் பயன்படுத்தாதீர்கள். குழாயைக் கிழித்துவிடும், உள்ளே வெகுதூரம் போனால் காயிலையும் குத்திவிடும்.

மழைக்குப் பிறகு மட்டும் ஈரம் வந்தால் தேட வேண்டிய இடங்கள் வேறு. முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் காய்ந்த இலைகள் வடிகாலை அடைத்திருக்கும். சன்ரூஃப் இருந்தால் அதன் நான்கு மூலைக் குழாய்கள். கதவுக்குள், பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் பழசாகிப் பிரிந்திருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள். அந்தக் குழியில் தண்ணீர் நின்றால் டெயில் லேம்ப் ரப்பரையோ டிக்கி ரப்பரையோ சந்தேகப்படலாம். கதவின் அடிப்புறம் சிறு துளைகள் இருக்கும். அவை துருவால் விழுந்த ஓட்டைகள் அல்ல, தண்ணீர் வடிய வைத்தவை. அவற்றை அடைத்துவிட்டால் கதவு வாளியாகிவிடும்.

கண்ட இடத்திலெல்லாம் சிலிக்கானைப் பூசுவது பயன் தராது. பூசிய பிறகு உண்மையான ஓட்டையைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும், இன்னொருவர் குறைந்த வேகத்தில் ஹோஸ் தண்ணீரைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் விடட்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது நுழைவாயில் என்றே தெரியாது. தண்ணீர் நுழையும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை மறக்காதீர்கள். கதவு ரப்பருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். பிடிமானமே இல்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது.

அடுத்தது, அலட்சியம் செய்யவே கூடாத ஒன்று. கார்பெட்டில் உள்ள ஈரம் பிசுபிசுப்பாக, லேசான இனிப்பு வாசனையோடு இருக்கிறதா? ஹீட்டரைப் போட்டதும் கண்ணாடியில் எண்ணெய் போன்ற படலம் படிந்து, துடைத்தாலும் இழுபடுகிறதா? எஞ்சினைக் குளிரவைக்கும் திரவமான கூலண்டின் அளவு குறைந்துகொண்டே வருகிறதா? அப்படியென்றால் டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் காயில் ஒழுகுகிறது. கூலண்டை ஊற்றி ஊற்றி ஓட்டுவது எஞ்சினுக்கு ஆபத்து. பெரும்பாலான கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம், குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அதை நெருங்கவே கூடாது. ஒழுகலை அடைக்கும் மருந்தை ஊற்றினால் ஹீட்டரின் நுண்ணிய குழாய்களும் சேர்ந்து அடைபடலாம். காயிலை மாற்றுவதே சரியான வழி. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

பின் கண்ணாடியில், சூடாகி மங்கலை நீக்கும் டீஃபாகர் கோடுகள் இருந்தால் மங்கலே பழுதைக் காட்டிக்கொடுக்கும். டீஃபாகரைப் போட்டுப் பாருங்கள். எந்தக் கோட்டைச் சுற்றி மங்கல் விலகவில்லையோ அது அறுந்த கோடு. மின்சாரம் கடத்தும் வெள்ளி பெயின்ட்டால் அந்த இடைவெளியை ஒட்டலாம். எல்லாக் கோடுகளும் வேலை செய்யவில்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, ஓரத்தில் உள்ள கம்பி இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்டிக்கரை பிளேடால் சுரண்டினால் அந்தக் கோடுகள் போய்விடும்.

மங்கல் தடுக்கும் ஸ்பிரே, ஷேவிங் ஃபோம் வைத்தியம், சிலிக்கா ஜெல் பை எல்லாம் தேங்கிய தண்ணீருக்கு மருந்தல்ல. கண்ணாடியை நன்றாகத் துடைத்து வைத்தாலே அந்தப் பலனில் பெரும்பகுதி கிடைக்கும், ஏனென்றால் அழுக்குப் படலம் இருந்தால் நீர்த்துளிகள் எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

ஒழுகலை நிறுத்தியதும் வேலை முடிந்துவிட்டது என்று மேட்டைத் திரும்பப் போட்டுவிடாதீர்கள். ஸ்பாஞ்ச் தானாகக் காயாது. சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, அடியில் காற்று போகும்படி சில நாள் விடுங்கள். முடிந்தால் ஸ்பாஞ்சை வெளியே எடுத்தே காயவையுங்கள். இல்லையென்றால் தரைத் தகடு துருப்பிடிக்கத் தொடங்கும். எல்லாம் காய்ந்து, திரும்பப் பொருத்தும்போது கார்பெட்டுக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை மடித்து வையுங்கள். அடுத்த பெரிய மழை முடிந்து, ஏசியும் ஒரு வாரம் ஓடிய பிறகு அதை எடுத்துப் பாருங்கள். தாள் மொறுமொறுவென்று இருந்தால் ஒழுகல் நின்றுவிட்டது. ஓரம் நனைந்திருந்தால், எந்த மூலை நனைந்திருக்கிறதோ அங்கிருந்து தேடலைத் தொடருங்கள்.