கறுகறு கண்ணாடி கண்ணைக் காக்காது

மொரீஷியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 டிகிரியில் கிடக்கிறது. தைப்பூசக் காவடி எடுக்கிற ஜனவரி, பிப்ரவரியில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். கூலிங் கிளாஸ் வாங்கப் போகிறவர்கள் அப்போது இருக்கிறதிலேயே கறுப்பானதைத்தான் கேட்பார்கள். கறுப்பு வேறு, காப்பு வேறு. கண்ணுக்கு முன் இருட்டு கட்டினால் கண்மணி விரியும். கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுக்காவிட்டால், விரிந்த வாசல் வழியாக அது கூடுதலாகவே உள்ளே போகும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ‘யுவி 400’ என்ற குறி. 400 நானோமீட்டர் வரையுள்ள கதிர்களைத் தடுக்கும் என்று அதற்குப் பொருள். ஒட்டுச்சீட்டை யாரும் ஒட்டலாம் என்பதால், அளக்கும் கருவி உள்ள ஆப்டிகல் கடையில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அடுத்து, பிரேம் காம்பின் உள்பக்கம் 0 முதல் 4 வரை ஓர் எண் இருக்கும். அது ஒளியின் அளவைச் சொல்வது. நம் வெயிலுக்கு 3 சரி. வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம்தான் உள்ளே விடும். 4 போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. போலரைஸ்டு கண்ணாடி கடல்நீரின் பளபளப்பை வெட்டும், மீன்பிடிப்பவர்களுக்கு அருமை. ஆனால் அதுவும் புற ஊதாத் தடுப்பும் ஒன்றல்ல. இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

பலர் கோட்டைவிடுவது அளவில். கண்ணாடியை மாட்டிக் கடை வாசலில் வெயிலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். லென்ஸின் உள்பக்கத்தில் பின்னாலிருக்கும் தெரு பிரதிபலித்தால், பக்கவாட்டில் கதிர் நுழைகிறது. வளைந்த, அகலக் காம்புள்ள பிரேமுக்கு மாறுங்கள். இமைமுடி லென்ஸில் உரசாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பகலில் புருவ எலும்பே ஓரளவு நிழல் தரும். ஆனால் காலையில் கிழக்குக் கரையின் பெல் மாரிலும் மாலையில் மேற்குக் கரையின் ஃபிளிக் ஆன் ஃபிளாக்கிலும் கடலைப் பார்த்து நிற்கிறவர்களுக்கு வெயில் நேராக முகத்தில் அடிக்கும். கடல் நுரை 25 சதவீதமும் உலர்மணல் 15 சதவீதமும் புற ஊதாவைத் திருப்பி அனுப்பும். விழிவெண்மையிலிருந்து கருவிழிமேல் சதை படர்வதற்கும் கண்புரைக்கும் இந்தத் தினசரி வெயில் ஒரு காரணம். அகல விளிம்புத் தொப்பியும் சேரட்டும்.

கடற்கரையிலிருந்து வந்ததும் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். உப்பும் மணலும் லென்ஸைக் கீறிவிடும். முதலில் குழாய்த் தண்ணீர், பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, கடைசியில் மைக்ரோஃபைபர் துணி. வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் வைத்தால் பூச்சு வெடித்துச் செதில் செதிலாக உரியும்.