கேமராவுடன் ஆட்டம் பார்க்க: வாழப்பாடி மைதானம் முதல் ஊர்க் கபடிக் களம் வரை

கேமராவைப் பையில் வைப்பதற்கு முன், பார்க்கப் போகும் ஆட்டம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். வாழப்பாடி அருகே உள்ள சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானத்தில் 2022 முதல் நடந்துவரும் டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட் தொடர் போல, சீட்டைக் காட்டி உள்ளே போகிற, தொலைக்காட்சியில் நேரலையாக வருகிற ஆட்டங்கள் ஒரு வகை. சேலம் மகாத்மா காந்தி விளையாட்டரங்கில் நடக்கும் தடகளப் போட்டிகளும் பள்ளி, கல்லூரி ஆட்டங்களும் இன்னொரு வகை. ஊர்த் திருவிழாவையொட்டி விளக்கு வெளிச்சத்தில் விடிய விடிய நடக்கும் கபடிப் போட்டிகள் மூன்றாவது வகை. முதல் வகையில் வாசலிலேயே தடுத்து நிறுத்தப்படும் கேமராவை, மூன்றாவது வகையில் விழாக் குழுவினரே முன்வரிசைக்கு அழைத்து உட்காரவைப்பதும் உண்டு.

நேரலை ஆட்டங்களுக்கான விதி பெரும்பாலான தொடர்களில் ஏறக்குறைய ஒன்றுதான். லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமரா, முக்காலி, ஒற்றைக்கால் தாங்கி, செல்ஃபி ஸ்டிக் ஆகியவற்றைப் பார்வையாளர் கொண்டுவரக் கூடாது. பல இடங்களில் பவர் பேங்க், பெரிய பை, தண்ணீர் பாட்டில் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். ஒளிபரப்பு உரிமையும் படம் எடுக்கும் உரிமையும் விற்கப்பட்டிருப்பதாலும், பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் பார்வையை நீண்ட லென்ஸ் மறைக்கும் என்பதாலும், கனமான பொருள் எதுவும் களத்துக்குள் எறியப்படலாம் என்ற அச்சத்தாலும் இந்தத் தடை விதிக்கப்படுகிறது. விதிகள் சீட்டின் பின்புறத்திலோ, இணையத்தில் வாங்கும்போது நாம் கண்ணை மூடிக்கொண்டு 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திவிட்டுப் போகும் பக்கத்திலோ இருக்கும். அந்தப் பக்கத்தில் கேமரா என்ற சொல் வரும் வரியை மட்டுமாவது படித்து, அதைக் கைப்பேசியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சிறிய கேமராவுக்கு அனுமதி உண்டு என்று அதில் இருந்தால், வாசலில் வாய்ப்பேச்சைவிட அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கே மதிப்பு அதிகம்.

வாசலில் சோதனை செய்பவர் கேமராவின் பெயரையோ விலையையோ பார்ப்பதில்லை. கேமராவைக் கையில் வாங்கி, லென்ஸின் கழுத்தைப் பிடித்து லேசாகத் திருகிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது கழலுமா?" என்று கேட்பார். கழலாது என்றால் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடுவார். கழலும் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. சிறிய உடலும் கழற்றி மாற்றும் சின்ன லென்ஸும் கொண்ட மிரர்லெஸ் கேமராக்களும் இந்தத் தடைக்குள் அடங்கும். அவற்றைச் சாப்பாட்டுப் பைக்குள் மறைத்து எடுத்துச் செல்லும் வித்தையை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் உள்ளே பிடிபட்டால் ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேற்றும் உரிமை அமைப்பாளருக்கு உண்டு.

திருப்பி அனுப்பப்பட்டால் கேமராவை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு வீட்டிலேயே விடை கண்டுவிட வேண்டும். வாசலுக்கு வெளியே பொருள் வைக்கும் இடம் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. அருகிலுள்ள பெட்டிக்கடையில் கொடுத்து வைக்கும் வழக்கம் தலைக்கவசத்துக்குச் சரி; நாற்பதாயிரம் ரூபாய்க் கேமராவுக்குச் சரிவராது. சொந்த வண்டியில் போகிறவர் டிக்கியில் வைத்துப் பூட்டலாம் என்றாலும், ஜூன், ஜூலை மாதத்துப் பிற்பகல் வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரிகளை விட்டுவைப்பது நல்லதன்று. சென்னை சேப்பாக்கத்தில் ஆட்டம் பார்க்க இரவு ரயிலேறுகிறவர்கள் ரயில் நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையை நம்பலாம். ஆனால் அங்கே பூட்டுப் போட்ட பையைத்தான் ஏற்பார்கள், பயணச்சீட்டையும் கேட்பார்கள். ஆகவே சின்னப் பூட்டு ஒன்று உடன் இருக்க வேண்டும்.

இவ்வளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், நேரலை ஆட்டத்துக்கு ஏற்றது லென்ஸ் கழலாத, நீண்ட ஜூம் கொண்ட சிறு கேமராதான். அது இல்லாதவருக்குக் கைப்பேசியே போதும். கைப்பேசியில் படம் எடுப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது. இப்போது நுழைவுச்சீட்டே பெரும்பாலும் கைப்பேசியில்தான் இருக்கிறது. வழியெல்லாம் வீடியோ எடுத்து சார்ஜை இறக்கிவிட்டு, பவர் பேங்கும் இல்லாமல் வாசலில் நின்றால், கேமராவோடு சேர்ந்து ஆட்டமும் போய்விடும்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் சூரியனை முன்னிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிரிக்கெட் ஆடுகளங்கள் பொதுவாக வடக்கு தெற்காக அமைக்கப்படுகின்றன, மாலை வெயில் மட்டையாளரின் கண்ணில் நேராக அடிக்கக் கூடாது என்பதே காரணம். எனவே பிற்பகல் ஆட்டத்தில் மேற்குப் பக்கத்தில் அமர்ந்தால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், ஆட்டக்காரர் முகத்தில் ஒளி விழும். கிழக்கில் அமர்ந்தால் எல்லோரும் கரிய நிழலுருவாகத்தான் பதிவார்கள். இன்னொரு நுட்பமும் உண்டு. மேற்கில் அமர்ந்திருப்பவருக்கு, வலது கை மட்டையாளர் வடக்கு முனையில் நின்று ஆடும்போது அவருடைய முகமும் மார்பும் தெரியும்; அவரே தெற்கு முனைக்கு வந்துவிட்டால் முதுகுதான் தெரியும். இடது கை மட்டையாளருக்கு இது தலைகீழாகும். ஓவருக்கு ஓவர் முனை மாறுவதால், எந்த ஓவரில் கேமராவை எடுப்பது, எந்த ஓவரில் அதை மடியில் வைத்துவிட்டு ஆட்டத்தைப் பார்ப்பது என்று இதைக் கொண்டே முடிவு செய்யலாம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையை அடைய அரை நொடிகூட ஆகாது என்பதால், மட்டை வீசப்படுவதைக் கண்ட பிறகு பொத்தானை அழுத்தினால் காலம் கடந்திருக்கும். பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே தொடர் படப்பிடிப்பைத் தொடங்கிவிட வேண்டும். பகலில் ஷட்டர் வேகம் நொடியில் 1000-ல் ஒரு பங்காக இருந்தால் மட்டை கலங்காமல் பதியும்.

இரவு ஆட்டத்தில் சிக்கல் வேறு. முதலில் ஃபிளாஷை அணைத்துவிட வேண்டும். சில மீட்டருக்கு அப்பால் அதன் ஒளி எட்டாது, முன்வரிசைக்காரரின் பின்னந்தலையை மட்டும் வெள்ளையாக்கும், ஆட்டக்காரருக்கும் தொந்தரவு. அடுத்து, நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில வகை விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு, வேகமான ஷட்டரில் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்த படம் மங்கலாகவும் விழுவதில் வெளிப்படும். எலக்ட்ரானிக் ஷட்டரில் குறுக்குப் பட்டைகளாகவும் தெரியும். கேமராவில் ஃபிளிக்கர் குறைக்கும் வசதி இருந்தால் அதை இயக்கலாம். இல்லாவிட்டால் ஒரே காட்சியைப் பல படங்களாக எடுத்து நல்லதைப் பொறுக்கிக்கொள்வதே வழி. வீடியோவுக்கு 50-ல் அல்லது 100-ல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் இந்தத் துடிப்புக்குப் பொருந்திவரும்.

இருக்கைக்கு முன்னால் கம்பி வலை இருந்தால் மனம் தளர வேண்டியதில்லை. லென்ஸை வலைக்கு மிக அருகில், முடிந்தால் ஒரு கண்ணிக்கு நேராக வைத்து, அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி புகும் துளையை) முழுதாகத் திறந்து, ஜூமை நீட்டித் தொலைவில் உள்ள ஆட்டக்காரர் மீது குவியத்தை வைத்தால் கம்பி கரைந்து காணாமல் போகும். வெயில் நேரடியாகப் படும் வலையில் மட்டும் இது முழுமையாகப் பலிக்காது. படத்தில் வெளிறிய திரை படியும்.

ஊர்க் கபடிக்கு வரும்போது, வீட்டில் கிடக்கும் பெரிய கேமராவுக்கு வேலை வருகிறது. அங்கே சட்டம் என்பது விழாக் குழுவினரின் சொல்தான். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே மைக் மேசைக்குச் சென்று, எந்த ஊர், எதற்காகப் படம் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு இடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்; கேட்காமல் கயிற்றைத் தாண்டினால் மைக்கிலேயே திட்டு விழும். தடுக்கும் அணியின் கடைக்கோட்டுக்குப் பின்னால் அமர்ந்தால், பாடி வருபவரின் முகம் நேராக நம்மை நோக்கி வரும். ஆனால் அவரை மடக்கிப் பிடித்தபின் நடுக்கோட்டை நோக்கி அவர் கை நீட்டும் அந்தக் கணம் நமக்கு முதுகு காட்டிவிடும்; அதற்கு நடுக்கோட்டின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஒருவர் ஒரு முறை பாடிச் செல்ல 30 நொடிதான், ஆகவே நடுவில் இடம் மாற முடியாது. முதல் ஆட்டம் முழுவதும் ஒரு பக்கம், அடுத்த ஆட்டம் இன்னொரு பக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆடுகளம் 13 மீட்டர் நீளமே என்பதால் நீண்ட லென்ஸ் தேவையில்லை. 50 அல்லது 85 மில்லிமீட்டர், 1.8 அப்பர்ச்சர் லென்ஸ் இந்த மங்கிய வெளிச்சத்துக்குப் பெரிய ஜூமைவிட நன்றாக ஈடுகொடுக்கும். ஷட்டர் 500-ல் ஒரு பங்குக்குக் கீழே இறங்காதபடி ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) தாராளமாக ஏற்றலாம். புள்ளி விழுந்த படத்தைச் சகித்துக்கொள்ளலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. மண் களம் என்பதால் அங்கே லென்ஸ் மாற்றுவதை அறவே தவிர்க்க வேண்டும்.

காந்தி விளையாட்டரங்கில் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளே ஆடுவார்கள். தம் பிள்ளையைப் படம் எடுக்கும் பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுப்பது முறை. மற்றவர் பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை அவர்களுடைய பெற்றோரின் அனுமதியின்றி வெளியிடக் கூடாது.

ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தின் குளிரில் இருந்த கேமராவை அடிவாரத்தின் வெப்பமான, ஈரப்பதமுள்ள காற்றில் உடனே வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் படியும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதே கேமராவை மூடிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, மைதானம் சேர்ந்து அரை மணி நேரமாவது கழித்துத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை.

படங்களைப் பகிர்வதைப் பொறுத்தவரை, 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தின்படி படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்கே உரியது. ஆயினும் சீட்டின் நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டு உள்ளே போயிருக்கிறோம் என்பதால், வணிக நோக்கில் விற்பதும், ஆட்டத்தை நேரலையாக முகநூலிலோ யூடியூப்பிலோ ஒளிபரப்புவதும் கூடாது. நண்பர்களுக்கு அனுப்பும் நிழற்படங்களைப் பொதுவாக யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆட்ட வீடியோ துணுக்குகளை மட்டும், பத்து நொடியாக இருந்தாலும், பொதுவெளியில் ஏற்றுவதற்கு முன் அந்தத் தொடரின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.