பழைய துப்பாக்கியும் ராணுவ உபரியும்: இந்த வணிகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணுவக் கிடங்கிலிருந்து வெளியேறும் ஒரு பழைய ரைபிள் விற்பனை மேசைக்கு வந்து சேர்வதற்குள் பல கைகள் மாறியிருக்கும். தொழிற்சாலை, படைப்பிரிவு, பழுதுபார்க்கும் பணிமனை, கிடங்கு, ஏலம் எடுத்தவர், இறக்குமதி செய்தவர் என ஒவ்வோர் இடத்திலும் ஒரு முத்திரை விழுந்திருக்கும், ஒரு பாகம் மாறியிருக்கும், ஒரு பெயின்ட் பட்டை ஏறியிருக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, இந்த அடையாளங்களையும் விற்றவரின் வாய்ச்சொல்லையும் அப்படியே நம்பிவிடுவதால் வருபவை. கையால் தொட்டு, கம்பி விட்டு, கேஜ் என்ற அளவுமானியை வைத்துப் பார்த்த பிறகுதான் எதையும் முடிவு செய்ய வேண்டும்.

முதல் பரிசோதனை: காலியா?

தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றாமல், பேரலின் பின்முனையை மூடும் போல்ட்டை இழுத்துப் பார்ப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) இருந்த தோட்டா வெளியே விழும். போல்ட் முன்னே போகும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறும். விழுந்த தோட்டாவைப் பார்த்தவர் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். வரிசை இதுதான்: பேரலின் வாய் பாதுகாப்பான திசையில், விரல் டிரிக்கருக்கு வெளியே, முதலில் மேகசின், பிறகு போல்ட், பிறகு கண்ணால் பார்ப்பது, கடைசியாகச் சுண்டுவிரலைச் சேம்பருக்குள் விட்டுத் தடவுவது. விரல் ஏன் என்றால், பழைய துப்பாக்கியில் தோட்டாவை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் நகம் உடைந்திருந்தால் போல்ட் பின்னால் வந்தாலும் தோட்டா சேம்பரிலேயே தங்கிவிடும். மங்கலான வெளிச்சத்தில் கருத்துப்போன பித்தளையும் அழுக்குப் படிந்த எஃகும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

அடுத்தது பேரல். கெட்டியான கிரீஸ், யாரோ விட்டுப்போன துணித்துண்டு, பாதி வழியில் சிக்கிய குண்டு, எது வேண்டுமானாலும் உள்ளே இருக்கலாம். போல்ட்டைக் கழற்றிவிட்டு, துப்புரவுக் கம்பி ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் தடையின்றி வெளியே வருகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யும் மேசையில் உயிர்த் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. போல்ட்டின் இயக்கத்தைச் சோதிக்கப் போலித் தோட்டா தனியாக வைத்திருங்கள்.

“செவன் சிக்ஸ் டூ” என்றால் எது?

வாடிக்கையாளர் 7.62 தோட்டா கேட்டால், உடனே எடுத்துக் கொடுப்பவர் ஆபத்தான ஊழியர். 7.62×39, 7.62×51, 7.62×54ஆர், 7.62×25 ஆகிய நான்கும் உபரிச் சந்தையில் புழங்குகின்றன. நான்கும் வெவ்வேறு துப்பாக்கிகளுக்கானவை. கடைசியாகச் சொன்னது டோகரெவ் கைத்துப்பாக்கித் தோட்டா. பழைய மவுசர் சி96-இன் 7.63 தோட்டாவும் உருவத்தில் ஏறக்குறைய அதேதான் என்பதால் அந்தத் துப்பாக்கிக்கும் இதை வாங்கிப் போகிறார்கள். டோகரெவ் தோட்டாவின் அழுத்தம் பொதுவாக அதிகம். சி96 அதைத் தாங்கும் என்று நம்பி விற்கக் கூடாது.

ஜெர்மானிய 7.92×57 இன்னும் நுட்பமானது. 1888-ஆம் ஆண்டு ரைபிளுக்கு முதலில் வந்த தோட்டாவின் குண்டு சுமார் 8.08 மி.மீ. விட்டம் கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ‘எஸ்’ வகைத் தோட்டாவில் அது சுமார் 8.22 மி.மீ. தோட்டாவின் பித்தளைக் கூடு ஒன்றுபோல இருப்பதால் புதியது பழைய சேம்பரில் பல நேரம் நுழைந்துவிடும். குறுகலான பேரலில் பருத்த குண்டைத் தள்ளும்போது அழுத்தம் தாறுமாறாக ஏறும். 1888 வகை ரைபிள் வந்தால் பேரலின் உள்விட்டத்தைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் வல்லுநர் அளந்து சொல்லும்வரை எந்தத் தோட்டாவையும் பரிந்துரைக்காதீர்கள்.

பெயின்ட் பட்டைக்கும் இதே கதைதான். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் உள்நாட்டுக் காவல்படைக்குக் கொடுக்கப்பட்ட அமெரிக்க எம்1917 ரைபிள்களில் சிவப்புப் பட்டை பூசினார்கள். அது .30-06 தோட்டா போடும் துப்பாக்கி, பிரிட்டிஷ் .303 தோட்டா போடாதே என்பதுதான் அதன் பொருள். வேறொரு படையில் அதே மாதிரிப் பட்டை ‘சுடத் தகுதியற்றது’ என்று பொருள்படலாம். பிரிட்டிஷ் ரைபிளான லீ-என்ஃபீல்டில் ‘டிபி’ (டிரில் பர்ப்பஸ்) என்ற முத்திரை இருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டது. காட்சிக்கு மட்டும் விற்க வேண்டும். ஜப்பானியப் பயிற்சி ரைபிள்கள் பலவற்றில் பேரலுக்குள் வரிப்பள்ளமே இருக்காது, வெற்றுத் தோட்டாவுக்காக மட்டும் செய்தவை. பார்வைக்கு ஜப்பானிய ராணுவ ரைபிளான அரிசாகாவேதான். உயிர்த் தோட்டா போட்டால், பேரலும் போல்ட்டும் பொருந்தியிருக்கும் உடற்பகுதியான ரிசீவரே சிதறலாம்.

எண் பொருந்தினால் போதுமா?

போல்ட்டில் உள்ள எண்ணும் ரிசீவரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் விலை கூடும். அதனால்தான் பழைய எண்ணை அராவி அழித்துப் புது எண் அடிக்கும் வேலையும் நடக்கிறது. ராணுவப் பணிமனைகளே பழுதுபார்க்கும்போது பழைய எண்ணின்மேல் கோடு போட்டுப் புது எண்ணை அடித்ததும் உண்டு. எழுத்துருவின் அளவும் ஆழமும் மற்ற பாகங்களோடு ஒத்துப்போகிறதா, எண்ணைச் சுற்றியுள்ள உலோகம் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பணிமனையில் புதுப்பித்ததை ‘புதுப்பித்தது’ என்றே எழுதி விற்கலாம், அதற்கும் வாங்க ஆள் உண்டு. அசல் என்று எழுதி விற்றால் அது மோசடி.

எண்ணைப் பொருத்திக் காட்டுவதற்காக வேறு போல்ட்டை எடுத்துப் போடுவது அதைவிட மோசம். போல்ட் மாறினால் ஹெட்ஸ்பேஸ் மாறும். அதாவது போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. அது கூடினால் சுடும்போது கூடு கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்துக்கு வரும். .303 லீ-என்ஃபீல்டில் தோட்டாவின் அடிவிளிம்புக்கான இந்த இடைவெளி ராணுவக் கணக்கில் 0.064 முதல் 0.074 அங்குலம் வரை. நம்பர் 4 ரைபிளில் அதைச் சரிசெய்ய 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட போல்ட் தலைகள் உண்டு. எண் பெரிதானால் தலையின் நீளமும் கூடும் என்பது பொது விதி. ஆனாலும் தயாரிப்பு வேறுபாட்டாலும் தேய்மானத்தாலும் 2-ஆம் எண் தலையும் 1-ஆம் எண் தலையும் ஒரே நீளத்தில் இருப்பதைப் பார்க்கலாம். கேஜ் வைக்கும்போது போல்ட் கைப்பிடியை இரண்டு விரலால் மெதுவாக இறக்க வேண்டும். அழுத்தி இறக்கினால் எந்த கேஜும் ‘சரி’ என்றுதான் சொல்லும்.

ரஷ்ய ரைபிளான மோசின்-நாகந்தில், தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின் வெளியே நீட்டும் அளவையும் பார்க்க வேண்டும். அதன் கருவிப்பையில் வரும் திருப்புளியிலேயே 75, 95 என்று இரு வெட்டுகள் உண்டு. 95 வெட்டில் பின் தட்டாமல் கடந்து போக வேண்டும், 75 வெட்டில் தட்ட வேண்டும். அதிகம் நீட்டினால் தோட்டாவின் அடியிலுள்ள வெடிமூடியான கேப் துளைபடும்; குறைந்தால் சுடாமல் ஏமாற்றும்.

கிரீஸும் உப்பும்

காஸ்மோலின் எனப்படும் காப்பு கிரீஸைச் சேதம் என்று நினைக்காதீர்கள். பல பத்தாண்டுகள் துரு அண்டாமல் காத்தது அதுதான். வெளியே மட்டும் துடைத்துவிட்டுப் பளபளவென்று விற்பனைக்கு வைப்பதுதான் தவறு. சோவியத் வடிவமைப்பான எஸ்கேஎஸ் ரைபிள்களில் பெரும்பாலானவற்றின் ஃபயரிங் பின்னுக்கு ஸ்பிரிங் கிடையாது. போல்ட்டுக்குள் கிரீஸ் கெட்டிப்பட்டுப் பின் முன்னால் நீட்டிய நிலையில் ஒட்டிக்கொண்டால், போல்ட் மூடும் வேகத்திலேயே தோட்டா வெடிக்கும். டிரிக்கரைத் தொட வேண்டியதில்லை. கழற்றிய போல்ட்டைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். பின் தடையின்றி ஆடும் ‘டக் டக்’ சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மறுபடி பிரித்துக் கழுவ வேண்டும்.

மரப்பாகத்தைத் தனியே எடுத்துவிட்டு, உலோகத்தை முதலில் காகிதத்தால் வழித்தெடுத்து, மினரல் ஸ்பிரிட்டிலோ மண்ணெண்ணெயிலோ ஊறவைத்துக் காற்றோட்டமான இடத்தில் கழுவலாம். பெட்ரோல் கூடாது, ஆவி தீப்பற்றும். கொதிநீரும் நன்றாக வேலை செய்யும், ஆனால் உலர்ந்த உடனே எண்ணெய் பூசாவிட்டால் சற்று நேரத்தில் செந்துரு படரும். சேம்பருக்குத் தனி பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். மோசினின் போல்ட் சூடானதும் இறுகிக்கொள்கிறது என்று வரும் புகார்களில் பல, சேம்பரில் மிச்சமிருக்கும் கிரீஸ்தான். மரத்தைக் காகிதத்தில் சுற்றி, கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் வைத்தால் கிரீஸ் தானாகக் கசிந்து வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். மரத்தில் பதிந்த ஆய்வாளர் முத்திரை ஒருமுறை தேய்ந்தால் அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. சேகரிப்பவர் அந்தத் துப்பாக்கியைத் தொடவும் மாட்டார்.

பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைடு உப்பாகப் பேரலில் படியும். காற்றின் ஈரத்தை இழுத்து இரவோடு இரவாகத் துருவைத் தொடங்கும். இந்த உப்பு எண்ணெயில் கரையாது. பேரலை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தவர், சில நாள் கழித்து உள்ளே அம்மைத் தழும்பு போலப் புள்ளிகளைப் பார்ப்பது இதனால்தான். வெந்நீர்தான் மருந்து: பேரல், போல்ட் முகம், கேஸ் பிஸ்டன், கேஸ் குழாய் எல்லாவற்றிலும் ஊற்றி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய். தோட்டாப் பெட்டியை விற்கும்போதே இதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

துப்பாக்கி அல்லாத சரக்கு

லாட்டாக வாங்கும் பெட்டிகளில்தான் உண்மையான ஆபத்து ஒளிந்திருக்கிறது. கையெறி குண்டு, பீரங்கிக் குண்டு, ஃப்யூஸ் எதுவாக இருந்தாலும் செயலிழக்கச் செய்தது என்ற பேச்சை நம்பாதீர்கள். நேட்டோ முறையில் நீலநிறம் பயிற்சிக்கானது என்பது சரி, ஆனால் பயிற்சிக் குண்டிலும் உயிருள்ள ஃப்யூஸும் சிறு மருந்தும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் தொடாமல், நகர்த்தாமல், துளையிடாமல், ஆட்களை வெளியேற்றிவிட்டு போலீசை அழையுங்கள்.

பழைய திசைகாட்டி, விமான டயல், கடிகாரம் ஆகியவற்றில் ஒளிராத எண்கள் ஆபத்தில்லை என்று நினைப்பவர் அதிகம். அந்தப் பழைய பூச்சுகள் பலவற்றில் உள்ள ரேடியம்-226-இன் அரைவாழ்வு சுமார் 1600 ஆண்டுகள். ஒளிரும் பூச்சுதான் செத்திருக்கும், கதிர்வீச்சு அப்படியே இருக்கும். கண்ணாடியைத் திறக்காதீர்கள், உதிரும் தூள் மூச்சில் போகும். இரண்டாம் உலகப்போர்க்கால பிரிட்டிஷ் வாயு முகமூடிகளின் வடிகட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. பழைய முகமூடி எந்த நாட்டுடையதாக இருந்தாலும் போட்டுப் பார்க்க விடாமல், அலங்காரப் பொருளாக மட்டும் விற்க வேண்டும்.

பதிவேடும் விற்பனையும்

இரண்டாம் உலகப்போர்க்கால ஜெர்மானிய கே98கே ரைபிள்களின் எண் 9999 வரை போய், அடுத்து ஓர் எழுத்தோடு மறுபடி தொடங்கும். ஆண்டு மாறினால் முதலிலிருந்து வரும். எண்ணை மட்டும் எழுதினால் ஒரே எண்ணில் பல துப்பாக்கிகள் இருக்கலாம். தொழிற்சாலைக் குறி, ஆண்டு, எண், எழுத்து நான்கையும் பதிவேட்டில் எழுதுங்கள். சோவியத் ரைபிளின் சிரிலிக் எழுத்தை விட்டுவிடுவதும், உற்பத்தி ஆண்டையே எண்ணாக எழுதுவதும், போல்ட்டின் எண்ணைத் துப்பாக்கி எண்ணாகப் பதிவதும் சோதனையின்போது உரிமத்துக்கே உலை வைக்கும். ஒருவர் வாசிக்க மற்றவர் எழுதி, பிறகு இடம் மாற்றிச் சரிபார்த்தால் இவை பெரும்பாலும் பிடிபடும்.

பேரல், போல்ட் போன்ற உதிரிபாகங்களுக்கும், இரவுநோக்கிக் கருவிக்கும், குண்டு துளைக்காத கவசத்துக்கும் பல நாடுகளில் ஏற்றுமதி அனுமதி தேவை. பார்சலை ‘பழைய இரும்பு’ என்று எழுதி அனுப்புவது குற்றம்.

மேசைக்கு முன் இருவர் நின்று, ஒருவர் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க, மற்றவர் படிவத்தை நிரப்பிப் பணம் கொடுத்தால் விற்பனையை நிறுத்துங்கள். உரிமம் கிடைக்காத ஒருவருக்காக வேறொருவர் வாங்கும் வேலையாக அது இருக்கலாம். வாங்குபவர் அழுது கலங்கிய முகத்தோடு, எந்த வகை என்று அக்கறையே இல்லாமல், ஒரே ஒரு தோட்டா கிடைக்குமா என்று கேட்டாலும் விற்காதீர்கள். உட்காரவைத்துப் பேசுங்கள், வீட்டில் யாரையாவது அழைக்கலாமா என்று கேளுங்கள். மறுக்கும் அதிகாரம் மேசையில் நிற்கும் கடைசி ஊழியருக்கும் உண்டு என்று முதலாளி எழுத்திலேயே கொடுத்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால், விற்பனை கைநழுவினால் திட்டு விழும் என்ற பயத்தில் அவர் படிவத்தை நீட்டிவிடுவார்.