வெப் எல்லிஸ் முதல் பிளாக்பர்ன் வரை: விளையாட்டு வரலாற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் பணக்கார விடுதிப் பள்ளிகள் இல்லாவிட்டால் கால்பந்தும் ரக்பியும் இன்றைய வடிவத்துக்கு வந்திருக்காது. அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வரலாற்றைச் சொல்ல வருபவர்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

முதல் சறுக்கல் வில்லியம் வெப் எல்லிஸ். 1823இல் ரக்பி என்ற ஊரின் பள்ளி மைதானத்தில், கால்பந்து ஆட்டத்தின் நடுவே இந்தப் பையன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினானாம், ரக்பி ஆட்டம் பிறந்துவிட்டதாம். ரக்பி உலகக் கோப்பைக்கே இவர் பெயர்தான். ஆனால் இந்தக் கதை அச்சேறியது 1876இல், எல்லிஸ் இறந்து நான்கு வருடம் கழித்து. எழுதிய மேத்யூ பிளாக்ஸம், 1823க்கு முன்பே பள்ளியை விட்டுப் போனவர். 1895இல் பழைய மாணவர்கள் தோண்டித் துருவியும் கண்ணால் பார்த்த சாட்சி ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. இருந்தும் 1900இல் கல்வெட்டு வைத்துவிட்டார்கள்! வட இங்கிலாந்து கிளப்புகள் ரக்பி சங்கத்திலிருந்து பிரிந்துபோனதும் அதே 1895இல்தான். அந்த நேரத்தில் ‘ஆட்டம் எங்களுடையது’ என்று காட்ட ஒரு பிறப்புக் கதை தேவைப்பட்டிருக்கும் என்றே தோன்றுகிறது.

அப்புறம், ரக்பி பள்ளியின் தலைமையாசிரியர் தாமஸ் அர்னால்டைப் பள்ளி விளையாட்டின் தந்தையாக்குவது. அவருக்கு அதில் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. மாணவர்களை அடக்க விளையாட்டைத் திட்டமிட்டுப் பயன்படுத்தியவர், 1851 மாணவர் கலவரத்துக்குப் பின் மார்ல்பரோ பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்த ஜார்ஜ் காட்டன். பின்னாளில் கல்கத்தா பிஷப் ஆனவர் இவர்.

பள்ளிகள் உண்மையில் கொடுத்தது எழுதப்பட்ட விதிகள். 1845இல் ரக்பி விதிகளை எழுதியது மூன்று மூத்த மாணவர்கள், ஆசிரியர்கள் அல்ல. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு ஆட்டம் என்றிருந்ததால், பல பள்ளிகளிலிருந்து வந்து கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒன்றுசேர்ந்தவர்கள் 1848இல் பொது விதிகளுக்காக உட்கார வேண்டியிருந்தது.

இதை வைத்து எல்லாப் பெருமையையும் பள்ளிகளுக்கே எழுதிவிடக் கூடாது. கிரிக்கெட் விதிகள் 1744லேயே எழுதப்பட்டவை. ஷெஃபீல்டில் 1857இலேயே கால்பந்து கிளப் இருந்தது. 1863இல் கால்பந்துச் சங்கம் உருவாகக் காரணமான எபினேசர் மோர்லி அந்தப் பள்ளிகளில் படித்தவரே அல்ல.

கடைசிவரை அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் கையில்தான் ஆட்டம் இருந்தது என்பதும் தவறு. கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பை, ஹாரோ பள்ளியில் படித்த சார்லஸ் ஆல்காக்கின் யோசனைதான். ஆனால் 1883 இறுதிப் போட்டியில், நெசவாலைத் தொழிலாளர்களும் ஆடிய பிளாக்பர்ன் ஒலிம்பிக், ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை 2-1 என வென்றது. அதன்பின் எந்தப் பள்ளியின் பழைய மாணவர் அணியும் அந்தக் கோப்பையைத் தொடவில்லை. 1885இல் சம்பளம் வாங்கி ஆடுவதும் சட்டபூர்வமானது.